சுட்ட பிறகு என்ன?

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு கொஞ்சம் நீளும்.

ஈவ் ஆன்லைனில் நண்பர்களாகச் சேர்ந்து ஒரு கார்ப், அதாவது ஆடுகிறவர்களின் குழு, தொடங்கியிருக்கிறீர்கள். சனிக்கிழமை இரவுகளில் உங்களுக்குள்ளேயே சண்டை போட்டுப் பழக வேண்டும், அதற்கு நியாயமான விதிகள் வேண்டும் என்கிறீர்கள். அரைப் பக்கத்தில் எழுதித் தந்துவிடலாம். ஆனால் எந்த விதி எதற்காக என்று தெரியாமல் எழுதி வைத்தால், முதல் தகராறிலேயே ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். அதனால் அடியிலிருந்து வருவோம்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற, இந்த விளையாட்டைப் பார்த்தே இராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்து நாட்டு ரெய்க்யவிக் நகரத்தின் சி.சி.பி. நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு இது. சீனாவுக்குத் தனி சர்வர்; மற்ற உலகம் முழுக்க ஒரே சர்வரில், ஒரே வானத்தில் விளையாடுகிறது. 7,000க்கு மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள் இருக்கின்றன. ஆட்கள் தோண்டிய கனிமத்தில் ஆட்களே கப்பல் கட்டி ஆட்களுக்கே விற்கிறார்கள். உங்கள் கப்பல் வெடித்தால் வெடித்ததுதான். மறுபடி உயிர்பெற்று வராது. அதில் மாட்டியிருந்த கருவிகளில் ஏறக்குறையப் பாதி அழியும், மீதி சிதைவுக்குள் கிடக்கும். நிஜப் பணத்தில் பிளெக்ஸ் என்ற பொருளை வாங்கி, அதை விளையாட்டுக்குள் ஐ.எஸ்.கே. என்ற நாணயத்துக்கு விற்கலாம் என்பதால், வெடித்த கப்பலுக்கு டாலரிலும் ஒரு மதிப்புச் சொல்ல முடியும். 2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் தொடங்கி மறுநாள் வரை நடந்த போரில் டைட்டன் என்ற மிகப் பெரிய ரகக் கப்பல்கள் 75 அழிந்தன. மொத்த இழப்பை 3 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். அந்த மண்டலத்தின் உரிமைக் கட்டணம் உரிய நேரத்தில் போகவில்லை, சண்டை அதில்தான் மூண்டது.

இழப்பு உண்மையானது என்பதால்தான் நியாயம் என்ற கேள்வியே எழுகிறது. தோற்றால் மறு நிமிடம் அதே இடத்தில் எழுந்து நிற்கிற விளையாட்டில் விதிகளைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. இங்கே ஒருவர் மூன்று வாரம் தாது தோண்டிச் சேர்த்ததை இன்னொருவர் முப்பது நொடியில் அழித்துவிட முடியும். அதை விளையாட்டு அனுமதிக்கிறது.

எவ்வளவு தூரம் அனுமதிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், உங்கள் விதி எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரியும். ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 0.5 முதல் 1.0 வரை உள்ள இடங்களில் காரணமில்லாமல் சுட்டால் கான்கார்ட் என்ற காவல் படை வந்து சுட்டவரின் கப்பலை அழிக்கும். இதில் புதியவர்கள் அடிக்கடி தவறாக எண்ணுகிற ஒன்று இருக்கிறது. கான்கார்ட் காப்பாற்றாது, தண்டிக்கும். அது வந்து சேர்வதற்குள் மலிவான கப்பல்களைக் கொண்டு உங்களை அழித்துவிட்டு, தங்கள் கப்பல்களையும் இழக்கத் தயாராக வருகிறவர்கள் உண்டு. 0.1 முதல் 0.4 வரை கான்கார்ட் வராது; வாயில்களிலும் நிலையங்களிலும் உள்ள பீரங்கிகள் மட்டும் சுடும். 0.0இலும் அதற்குக் கீழேயும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஏமாற்றுவது, உளவு பார்ப்பது, கூட்டாளியின் கிடங்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு போவது, எல்லாமே ஆட்டத்துக்குள் அனுமதிக்கப்பட்டவைதான். சி.சி.பி. கோடு போடுகிற இடங்கள் குறைவு. மென்பொருள் ஓட்டையைப் பயன்படுத்தக் கூடாது. ஐ.எஸ்.கே.யை வெளியே காசுக்கு விற்கக் கூடாது. ஆளை நிஜ வாழ்க்கையில் மிரட்டக் கூடாது. புதியவர்கள் தொடங்குகிற மண்டலங்களில் அவர்களை ஏமாற்றிச் சண்டைக்குள் இழுக்கக் கூடாது. மற்றதையெல்லாம் ஆடுகிறவர்கள் கையில் விட்டுவிட்டது அந்த நிறுவனம். துணிச்சலான முடிவு அது. இந்த விளையாட்டுக்கு 20 ஆண்டுக்கு மேல் உயிர் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதப்போகிற விதியை மீறுகிறவனைத் தடுக்க மேலே எந்த நடுவரும் இல்லை என்பதும் அதன் விளைவுதான். உங்கள் விதிக்குப் பின்னால் இருப்பது உங்கள் சொல் மட்டுமே.

இப்போது உங்கள் வரைவுக்கு வருகிறேன். முதல் விதியாக, ‘இரு பக்கமும் சம பலத்தில் இருக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள்.

சமம் என்பதை இந்த விளையாட்டில் அளக்கவே முடியாது. ஒரே ரகக் கப்பலில் இரண்டு பேர் வந்தாலும், ஒருவரிடம் ஐந்து ஆண்டுத் திறன் பயிற்சி இருக்கும், இன்னொருவரிடம் ஐந்து மாதம்தான் இருக்கும். ஒருவர் தலையில் திறனைக் கூட்டுகிற விலையுயர்ந்த இம்ப்ளான்ட் இருக்கும். ஒருவர் கிட்டப்போய்ச் சுடும் பீரங்கி மாட்டியிருப்பார், இன்னொருவர் எட்ட நின்று சுடுவதை மாட்டியிருப்பார்; அப்போது எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் சண்டை தொடங்குகிறது என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடும். இதையெல்லாம் சமப்படுத்தப் போனால் கப்பலைத் தேர்ந்தெடுக்கிற அறிவுக்கே வேலையில்லாமல் போகும். பல கார்ப்கள் சேர்ந்த கூட்டணியை அலையன்ஸ் என்பார்கள். அலையன்ஸ் டோர்னமென்ட் என்று சி.சி.பி. நடத்திய அதிகாரபூர்வப் போட்டியில்கூட எல்லோருக்கும் ஒரே கப்பல் கிடையாது. கப்பலுக்குக் கப்பல் புள்ளி உண்டு. அணியின் மொத்தப் புள்ளி ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும்.  அதற்குள் என்ன சேர்மானம் என்பது அணியின் சாமர்த்தியம்.

நியாயம் என்பதற்கு நான் கண்ட பொருள் வேறு. சண்டைக்குள் இறங்குகிறவருக்கு, தான் எதையெல்லாம் இழக்கக்கூடும் என்பது இறங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இறங்கிய பிறகு அதற்கு மேல் யாரும் எடுக்கக் கூடாது. தெருக் கிரிக்கெட்டில் எதிர்வீட்டு மாடியில் பந்து விழுந்தால் அவுட் என்று முதல் பந்துக்கு முன்னால் சொல்லிவிட்டால் அது விதி, விழுந்த பிறகு சொன்னால் அழிச்சாட்டியம். அந்த விதி நல்லதா கெட்டதா என்பது அப்புறம்.

ஒருவரோடு ஒருவர் ஒத்துக்கொண்டு மோதுகிற டூயலுக்கு அழைக்கிற வசதி விளையாட்டிலேயே இருக்கிறது. 2012 டிசம்பரில் குற்றம், தண்டனை முறையை முழுக்க மாற்றி எழுதினார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற பாதுகாப்பு விசை அப்போதுதான் வந்தது. பச்சையில் வைத்திருந்தால் தவறிப்போய்க்கூடச் சட்டத்தை மீறிச் சுட முடியாது. அந்த மாற்றத்தை ஒட்டி டூயலும் வந்தது. அதற்கு முன்பு காவல் உள்ள இடத்தில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டு சண்டை போட வேண்டுமென்றால், ஒருவர் வெளியே போட்ட பெட்டியிலிருந்து இன்னொருவர் பொருளைத் திருடி, திருடிய குற்றத்துக்காகச் சுடப்படுகிற உரிமையை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இப்போது அழைப்பு அனுப்பலாம், அவர் ஏற்கலாம், கான்கார்ட் தலையிடாது. மூன்றாமவர் வந்து ஒருவர் கப்பலைச் சரிசெய்தால், உதவியவர் சட்டத்தை மீறியவராகக் குறிக்கப்படுவார். யார் வேண்டுமானாலும் அவரைச் சுடலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியார் உதவியை இது தடுக்கவில்லை, விலை வைக்கிறது. டூயல் என்ற பெயரில் புதியவரை அழைத்து, உதவிக் கப்பல் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு கொல்கிறவர்கள் உண்டு. ஆகவே உங்கள் ஆட்களுக்குள் முன்கூட்டிப் பேசிவைக்க வேண்டியவை என்ன? எந்த ரகக் கப்பல், எத்தனை கிலோமீட்டரில் தொடக்கம், வெளியிலிருந்து பழுதுபார்ப்போ பலமூட்டலோ உண்டா, இம்ப்ளான்ட் உண்டா, கவசம் போனதும் நிறுத்துவதா வெடிக்கும்வரை போவதா, சிதைவில் கிடப்பது யாருக்கு. இந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் என்பதைவிட, சுடுவதற்கு முன் பதில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

கார்ப்புக்குள் சுடுவது பற்றி ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 2014 டிசம்பர் வரை, ஒரே கார்ப்பின் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் எங்கே வேண்டுமானாலும் சுடலாம். காவல் உள்ள மண்டலத்திலும் கான்கார்ட் வராது. பழகுவதற்கு வசதி. ஆனால் நண்பனாக விண்ணப்பித்து உள்ளே வந்து, நம்பிக்கை பெற்று, விலையுயர்ந்த கப்பலைப் பார்த்து முதுகில் சுடுகிறவனுக்கும் அதே வசதி. அப்படிச் செய்தே பேர் வாங்கிய ஒரு கதாபாத்திரத்தின் பெயரால் அதை ஆவாக்ஸிங் என்கிறார்கள். இதன் உச்சம் 2005இல் நடந்தது. கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற கூலிப்படை, உபிக்வா செராஃப் என்ற கார்ப்புக்குள் ஓராண்டு காலம் ஊடுருவியிருந்தது. குறித்த நேரத்தில் தலைவியின் கப்பலையும், கப்பல் போனதும் அவர் தப்பிய காப்ஸ்யூலையும் அழித்தது. அதே நேரத்தில் கிடங்குகளையும் காலி செய்தது. விளையாட்டின் விதி எதுவும் மீறப்படவில்லை.

2014 டிசம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, கார்ப்புக்குள் சுடுவது சட்டப்படி செல்லுமா செல்லாதா என்று தலைமை தேர்ந்தெடுக்கலாம். மாற்றினால் 24 மணி நேரம் கழித்தே அமலுக்கு வரும் என்பதால் ஒருவரும் இரவோடு இரவாக மாற்றிவிட்டுச் சுட முடியாது. உங்களுக்கு நான் சொல்வது, அதை ‘செல்லாது’ என்றே வைத்திருங்கள். பழகுவதற்கு டூயல் போதும். ஒவ்வொரு முறையும் அழைப்பு அனுப்பி, எதிராளி ஏற்றுக்கொள்வது அலுப்பாகத் தெரியலாம். அந்தச் சொடுக்கில்தான் அவருடைய சம்மதம் இருக்கிறது.

இனி, நான் அதிகம் பேச விரும்புகிற இடத்துக்கு வந்துவிட்டோம். சண்டை முடிந்த பிறகு என்ன நடக்கிறது?

கப்பல் வெடித்ததும் ஓட்டி இறப்பதில்லை. முட்டை போன்ற ஒரு காப்ஸ்யூலில் மிதப்பார். அதையும் சுட்டால் வேறொரு நிலையத்தில் க்ளோன் உடம்பில் விழிப்பார். தலையில் இருந்த இம்ப்ளான்ட் எல்லாம் போய்விடும். சிலருக்கு இம்ப்ளான்ட்டின் விலை கப்பலின் விலையைப்போலப் பல மடங்கு. டூயலிலும் அறிவிக்கப்பட்ட போரிலும் காப்ஸ்யூலைச் சுடுவது சட்டப்படி சரி. ஆயுதமில்லாத, ஓடுவது தவிர வேறொன்றும் செய்ய முடியாத எதிரி முன்னால் மிதக்கிறார். சுடுவதற்கு ஒரு விசை போதும். அந்த நொடியில் உங்கள் ஆள் என்ன செய்வார் என்பதைத்தான் உங்கள் விதி சொல்ல வேண்டும்.

2009இல் தொடங்கிய ரெட் வர்சஸ் ப்ளூவை இதற்கு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ரெட் ஃபெடரேஷன், ப்ளூ ரிபப்ளிக் என்று இரண்டு கார்ப். ஒன்றின் மேல் ஒன்று ஓயாமல் போர் அறிவித்துக்கொண்டே இருந்தன. பகையே கிடையாது. போர் அறிவித்தால் காவல் உள்ள மண்டலத்திலும் கான்கார்ட் தலையிடாது என்பதால், அந்த ஏற்பாட்டைச் சண்டை பழகுவதற்கான மைதானமாக மாற்றிக்கொண்டார்கள். யார் வேண்டுமானாலும் ஏதாவது ஒரு நிறத்தில் சேர முடிந்தது. ஃப்ரிகேட் என்ற மலிவான சிறு கப்பலில் வந்து, வெடித்து, இன்னொன்றில் ஏறித் திரும்பி வர முடிந்தது. மறுபக்கத்தார் காப்ஸ்யூலைச் சுடக் கூடாது என்பதும், தோற்றவரை வசைபாடக் கூடாது என்பதும் அங்கே அடிப்படை விதிகளாக இருந்தன. வெளியாரோடு மோத வேண்டியிருந்தால் சிவப்பும் நீலமும் ஒரே படையாகச் சேர்ந்தன. அதற்குப் பர்ப்பிள் ஃப்ளீட் என்று பெயர்.

அந்த ஏற்பாட்டில் பலம் சமமாக இருந்ததே இல்லை. ஒரு நாள் சிவப்பில் ஆள் அதிகம், இன்னொரு நாள் நீலத்தில். பத்துப் பேர் ஒருவரை வளைத்துக்கொள்வதும் நடக்கும். ஆனாலும் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். தோற்றால் போவது ஒரு மலிவான கப்பல் மட்டும்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். இழப்புக்கு உச்சவரம்பு கட்டிவிட்டால் பயம் போகிறது. பயம் போனால்தான் கை பழகுகிறது. புதிதாக வந்தவர் தன் முதல் சண்டையில் கை நடுங்கி, பீரங்கியை இயக்கவே மறந்து போவது இந்த விளையாட்டில் சாதாரணம். அந்த நடுக்கம் போகும்வரை அவர் தோற்க வேண்டும், பல முறை தோற்க வேண்டும். தோல்வி அவரால் தாங்கக்கூடிய விலையில் இருக்க வேண்டும்.

குழுவுக்கு வெளியே போகும்போது கேள்வி மாறுகிறது. யாரைச் சுடலாம்? பூஜ்யப் பாதுகாப்பு மண்டலங்களைப் பிடித்து வைத்திருக்கிற பெரும்பாலான அலையன்ஸ்களுக்கு என்.பி.எஸ்.ஐ. என்ற விதி. நண்பர் என்று நீலத்தில் குறிக்கப்படாத எவரையும் சுடு. எளிது, யோசிக்க வேண்டாம், உளவாளி நுழையும் வழி குறையும். அதற்கு நேரெதிராக என்.ஆர்.டி.எஸ். என்று ஒன்று உண்டு. எதிரி என்று சிவப்பில் குறிக்கப்படாதவரைச் சுடாதே. ப்ராவிடன்ஸ் என்ற பகுதியில் சி.வி.ஏ. என்ற அலையன்ஸ் பல ஆண்டுகள் இந்த விதியைக் கடைப்பிடித்தது. முகம் தெரியாத யாரும் அங்கே போய்த் தாது தோண்ட முடிந்தது, வியாபாரம் செய்ய முடிந்தது.

இதற்கு அவர்கள் கொடுத்த உழைப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. யார் எதிரி என்பதற்குக் கண்டதும் சுட வேண்டியவர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்க வேண்டும். எதற்காக ஒருவர் பட்டியலில் ஏறினார், எப்படி இறங்கலாம், தவறாக ஏற்றிவிட்டால் யாரிடம் முறையிடுவது, சுட்டுவிட்ட பின் தவறு தெரிந்தால் ஈடு யார் தருவது என்று ஒரு சிறிய நீதிமன்றமே நடத்த வேண்டும். எதிரே வருகிறவரைப் பார்த்ததும் பட்டியலைச் சரிபார்க்கிற நேரத்தில் அவர் முதல் குண்டைச் சுட்டுவிடலாம். 2010இல் அவர்கள் அந்தப் பகுதியையே இழந்தார்கள். பிறகு திரும்பி வந்தார்கள், அதே விதியோடு. அந்த விதியால்தான் பலவீனமானார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். முன்பின் தெரியாத ஒருவருக்கு முதல் குண்டின் சாதகத்தைத் தந்து, அந்த விலையை ஆண்டுக்கணக்கில் மனமறிந்து கொடுத்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சின்னக் குழுவான உங்களால் அந்தப் பட்டியலைப் பராமரிக்க முடியாது. என்.பி.எஸ்.ஐ. வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் பிணைத்தொகை கேட்டால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். எதிரியைத் தப்ப முடியாமல் பிடித்து வைத்துக்கொண்டு, இவ்வளவு ஐ.எஸ்.கே. கொடுத்தால் விட்டுவிடுகிறேன் என்று சொல்வது இங்கே பழைய வழக்கம். பணத்தை வாங்கிக்கொண்டு சுட்டாலும் சி.சி.பி. கேட்காது. ஆனால் கடற்கொள்ளையர்கள் என்று தங்களைத் தாங்களே அழைத்துக்கொண்ட குழுக்களிலும், பணம் வாங்கினால் விட்டுவிட வேண்டும் என்பதைக் கண்டிப்பான விதியாக வைத்திருந்தவர்கள் உண்டு. உங்களில் ஒருவர் ஒரு முறை மீறினால், அடுத்த முறை உங்கள் கார்ப் பெயரைப் பார்த்ததும் பிடிபட்டவர் பணம் தர மாட்டார். தந்தும் பயனில்லை என்று வெடித்துச் சாவார்.

பேச்சு பற்றியும் ஒரு விதி வேண்டும். சண்டை முடிந்ததும் அந்த மண்டலத்தில் இருக்கிற எல்லோரும் பார்க்கிற லோக்கல் சாட்டில் ‘ஜி.எஃப்.’ என்று இரண்டு எழுத்துப் போடுவார்கள், நல்ல சண்டை என்று. தோற்றவர்தான் பெரும்பாலும் முதலில் போடுவார். அதற்குப் பதிலாக வென்றவர் ஏளனம் செய்தால், எதிரே இருப்பவர் கப்பலை இழந்த எரிச்சலில் இருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். கப்பலைச் சுட்டது ஆட்டம். அம்மாவை இழுத்துப் பேசுவது ஆட்டம் இல்லை. இதில் உங்கள் குழுவில் யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு கொடுக்காதீர்கள்.

பகைவர்களுக்கு இடையிலும் இந்தக் கோடு எவ்வளவு உறுதியாக இருக்க முடியும் என்பதை 2012 செப்டம்பரில் பார்த்தோம். லிபியாவின் பெங்காசி நகரில் அமெரிக்கத் தூதரக வளாகம் தாக்கப்பட்டபோது இறந்த ஷான் ஸ்மித், ஈவில் வைல் ராட் என்ற பெயரில் கூன்ஸ்வார்ம் அலையன்ஸின் தூதராக இருந்தவர். பல ஆண்டுகள் பேச்சுவார்த்தை மேசையின் எதிர்ப்பக்கத்தில் அவரைச் சந்தித்தவர்களும், அவருடைய படைகளால் இடமிழந்தவர்களும் தங்கள் விண்நிலையங்களுக்கு அவர் நினைவாகப் பெயரிட்டார்கள்.

கடைசியாக, நடைமுறை. தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்ல ஒருவரை முன்பே நியமியுங்கள். அவர் தலைவராக இருக்க வேண்டாம், அன்றைய சண்டையில் கலந்துகொண்டவராகவும் இருக்க வேண்டாம். யார் முதலில் சுட்டார், எப்போது சுட்டார் என்பதெல்லாம் ஒவ்வொருவர் கணினியிலும் சண்டைப் பதிவாகச் சேமிக்கப்படும். கப்பல் அழிந்ததும் வருகிற கில்மெயில் என்ற அறிக்கையில் எந்தக் கருவிகள் மாட்டியிருந்தன என்பது வரை இருக்கும். நினைவை நம்பி வாதாட வேண்டியதில்லை, பதிவைக் கேட்டு வாங்குங்கள். தவறாகக் காப்ஸ்யூல் சுடப்பட்டால் இம்ப்ளான்ட்டின் விலையைச் சுட்டவர் தர வேண்டும், மன்னிப்புக் கேட்பதோடு முடியக் கூடாது.

பெரிய அலையன்ஸ்கள் தங்கள் படையில் அழிந்த கப்பலுக்கு ஈடு கொடுக்கிற திட்டம் வைத்திருக்கின்றன. உங்களுக்கும் சிறிய அளவில் அது வேண்டும். வாராவாரம் சுரங்க வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து, ஒரே மாதிரிக் கருவிகள் மாட்டிய ஃப்ரிகேட்டுகளை வாங்கி கார்ப் கிடங்கில் அடுக்குங்கள். சனிக்கிழமை வருகிற எல்லோரும், பழையவர்களும்கூட, அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இம்ப்ளான்ட் இல்லாத க்ளோனுக்கு மாறிக்கொண்டு வரச் சொல்லுங்கள். முதல் டூயல் அழைப்பைப் புதிதாகச் சேர்ந்தவர் தலைவருக்கு அனுப்பட்டும். தலைவர் கப்பல் வெடிக்கிற வரைக்கும் மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கட்டும்.